போர்ப் படங்களிற் பிழைகள்

பரணி பாடிய புலவர், போர்க்களத்திலே பேய்கள் கூழட்டு உண்டதாகப் பாடினர். அதனைப் பொய்யென்று வழக்காடினார் எவருமிலர். அது புனைவென்பது பாடுவார்க்கும் கேட்பார்க்கும் ஒருங்கே தெரிந்ததாகலின், ஆண்டு ஏமாற்றுவாரும் இல்லை, ஏமாறுவாரும் இல்லை. திரைப்படத்தின் நிலை அத்தகையதன்று. சீருடையும் துப்பாக்கியும் புகையும் குருதியும் நேரிற் கண்டாற்போலத் தோன்றுதலின், காண்போர் அதனைக் கதையென்று கொள்ளாது நிகழ்ச்சியென்றே கொள்வர். ஆகவே போர்ப் படங்களில் நேரும் பிழைகளைச் சிறிது ஆராய்தல் வேண்டும். காரணம் பற்றி ஏற்கப்படும் வழுவை இலக்கண நூலார் வழுவமைதி என்பர். அவ்வளவுகோலையே யாம் ஈண்டு மேற்கொள்கின்றோம்.

முதலாவது, தொடர்ச்சிப் பிழை. கதை நிகழும் முறையிலே படம் எடுக்கப்படுவதில்லை. ஓரிடத்தில் நிகழ்வன யாவும், கதையில் முன்வருவனவாயினும் பின்வருவனவாயினும், ஒருசேர எடுக்கப்பெற்றுப் பின்னர் வெட்டி ஒட்டப்படும். காலையில் எடுத்த துண்டும் மாலையில் எடுத்த துண்டும் அடுத்தடுத்து வருங்கால் நிழல் திசைமாறி விழும். இடக்கையிலிருந்த கட்டு வலக்கைக்குத் தாவும். சேறு படிந்த சட்டை நொடிப்பொழுதில் வெளுத்துவிடும். இவற்றைக் குறித்துவைத்துக் காப்பதற்கென்றே ஒருவர் அமர்த்தப்படுவர். ஆயினும் நூற்றுக்கணக்கானோர் ஓடியும் வீழ்ந்தும் நடிக்கும் போர்க்காட்சியில் அவர் கண்ணுக்குத் தப்புவன பல. இவை நகைத்து விடற்பாலன; எவருடைய புகழும் இவற்றாற் குறைவதில்லை.

இரண்டாவது, கருவியும் இடமும் பற்றிய பிழை. 1944 டிசம்பரில் ஆர்டென் மலைக்காட்டில் ஜெர்மானியர் தொடுத்த பெரும்போரைக் காட்டும் ‘பல்ஜ் போர்’ என்னும் படம் 1965இல் வெளிவந்தது. உண்மைப் போர் பனி செறிந்த காட்டில் நிகழ்ந்தது. ஸ்பெயின் நாட்டில் எடுக்கப்பட்ட அப்படத்தின் இறுதிப் போரோ மரமற்ற வறண்ட வெளியில் நிகழ்கின்றது. ஜெர்மானியரின் ‘புலி’ டாங்கிகளாக அதில் வருவன, போர் முடிந்தபின் அமெரிக்காவிற் செய்யப்பட்டவை. 1970இல் வந்த ‘பேட்டன்’ படத்திலும் ஸ்பானியப் படையிடமிருந்த அமெரிக்க டாங்கிகளே ஜெர்மானியருடையனவாக வருகின்றன. 1945இல் இறந்த தளபதி பேட்டனின் பெயரைத் தாங்கிப் பின்னாளிற் பிறந்த டாங்கியே, திரையில் அவரை எதிர்த்து வருதல் வியப்பன்றோ! ஆயினும் ஜெர்மானிய டாங்கிகள் பெரும்பாலும் அழிந்தொழிந்தமையின், கிடைத்ததைக் கொண்டு படம் பிடித்தார் எனலாம். இவ்வழுவிற்கு அமைதி உண்டு.

மூன்றாவது, ஒருவர் செயலை மற்றொருவர்க்கு ஏற்றுதல். 2000இல் வெளிவந்த ‘யு-571’ என்னும் படத்தில், ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து எனிக்மா என்னும் மறையெழுத்துப் பொறியை அமெரிக்கக் கடற்படையினர் கைப்பற்றுகின்றனர். உண்மை யாதெனின், 1941 மே 9ஆம் நாள் பிரிட்டிஷ் கப்பலாகிய ‘புல்டாக்’ஐச் சேர்ந்தோர் யு-110 என்னும் கப்பலிற் புகுந்து அப்பொறியைக் கைக்கொண்டனர். அந்நாளில் அமெரிக்கா போரில் இறங்கவேயில்லை. மேலும், 1942 அக்டோபர் 30ஆம் நாள், மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559இனுள் இறங்கிக் குறியீட்டு நூல்களை எடுத்துக் கொடுத்த அந்தோணி பாசன், காலின் கிரேசியர் என்னும் பிரிட்டிஷ் வீரர் இருவர், அக்கப்பலோடே கடலில் ஆழ்ந்தனர். படத்தின் முடிவிற் சில வரிகள் உண்மை நிகழ்ச்சிகளைக் குறிக்கின்றன. ஆயின் இரண்டு மணி நேரம் கண்ணாற் கண்டதை இறுதி வரிகள் மாற்றவல்லனவோ? உயிர் கொடுத்தார் பெயரை மறைக்கும் இதற்கு அமைதி கூறுதல் அரிது.

நான்காவது, இருந்தாரை இல்லாராக்குதல். ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் படம் 1957இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அது படமாக்கப்பட்ட இடம் இலங்கையிலுள்ள கிதுல்கல. சயாமையும் பர்மாவையும் இணைத்து 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் இட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையே கதையின் களம். படத்தில் வரும் ஆங்கிலத் தளபதி பகைவர்க்குத் துணையாகப் பாலத்தை விரும்பிக் கட்டுகின்றார். உண்மையில் ஆண்டுக் கைதிகளின் தலைவராயிருந்த பிலிப் தூசி, அடிபட்டும் தம் வீரரைக் காத்தவர். வேலையைத் தாழ்த்த முயன்றவர். படத்திற் பாலம் கட்டி முடிந்தவுடனே வெடிவைத்துத் தகர்க்கப்படுகின்றது; உண்மைப் பாலம் 1945இல் வானூர்திக் குண்டுகளாற் சிதைந்து, பின்னர்ச் செப்பனிடப்பெற்று இன்றும் நிற்கின்றது. அப்பாலத்தின் கீழ் ஓடிய ஆறும் குவாய் அன்று, மேகுலாங். படம் பார்த்தோர் குவாய் ஆற்றைத் தேடி வரவே, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்பகுதிக்குக் குவாய் என்னும் பெயரே இடப்பட்டது. கதையின் பிழை ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டது!

இவை யாவற்றினும் பெரிய பிழை ஒன்றுண்டு. அப்பாதையில் உழைத்த நேசநாட்டுக் கைதிகள் 60,000க்கு மேற்பட்டவர். மாண்டவர் 12,000க்கு மேற்பட்டவர். அவரோடு ஆசியத் தொழிலாளர் ஓரிலக்கத்திற்கு மேற்பட்டோர் உழைத்தனர். மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவருட் பெருந்தொகையினர். கைதிகட்கேனும் அவர் படையைச் சார்ந்த மருத்துவர் இருந்தனர். பெயர் எழுதிவைக்கும் அதிகாரிகள் இருந்தனர். தொழிலாளர்க்கு அவ்விரண்டும் இல்லை. வாந்திபேதியாலும் பட்டினியாலும் அவர் மாண்ட தொகை கைதிகளின் இறப்பினும் பன்மடங்காம். காஞ்சனபுரியிற் கைதிகட்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள; தொழிலாளருட் பெரும்பாலார்க்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. தமிழர் வாழும் இலங்கையிலே எடுக்கப்பட்ட அப்படத்தில், அப்பாதையில் மடிந்த தமிழர்க்கு இடமில்லை.

படம் பார்த்தலை விடுக என்பது எம் கருத்தன்று. நல்ல படம் போரின் கொடுமையை நெஞ்சில் ஆழப் பதிக்கவல்லது. ஆயின் பார்த்து வந்தபின் வரலாற்று நூலொன்றையும் புரட்டுதல் நம்மனோர் கடன். நிழல் திசைமாறியதையும் டாங்கி மாறியதையும் எண்ணிக்கொண்டிருப்பதனினும், அங்கே யார் இருந்தனர், திரையில் யார் இல்லை என்று வினவுதல் பயனுடையதாம். சயாம்க் காட்டில் மாண்ட எம்மவர்க்கு நாம் செய்யக்கூடியது இன்று அவ்வளவே.