டிஎன்பிஎஸ்சி குரூப் 4: ரேங்க் லிஸ்ட்ல பேர் வந்துட்டா வேலை உறுதியா?

குரூப் 4 ரிசல்ட் வந்ததும் தேர்வர்கள் மத்தியில் ஓடும் முதல் கேள்வி, 'ஓவரால் ரேங்க் எவ்வளவு, கம்யூனல் ரேங்க் எவ்வளவு?' என்பதுதான். 2024 குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். அறிவிப்பில் இருந்த இடங்களோ 6,244. அதனால் இந்த இரண்டு எண்களையும் சரியா புரிஞ்சுக்கிறது முக்கியம்.

மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண். இதில் தமிழ் தகுதித் தேர்வு 150. அதில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்கலைன்னா பட்டியலுக்கே வர முடியாது. மற்றதில் எவ்வளவு எடுத்திருந்தாலும் இதுதான் விதி.

தகுதி பெற்ற எல்லாரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் அது ஓவரால் ரேங்க். அதே வரிசையில் உங்க பிரிவினரை மட்டும் எண்ணினால் கம்யூனல் ரேங்க்.

தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம். 200 இடங்கள் இருந்தால் பொதுப்பிரிவு 62, பிசி 53, பிசி முஸ்லிம் 7, எம்பிசி 40, எஸ்சி 30, அருந்ததியர் 6, எஸ்டி 2.

இங்கதான் பலர் குழம்புறாங்க. பொதுப்பிரிவு என்பது ஓசி-க்கான ஒதுக்கீடு இல்லை. எந்தப் பிரிவா இருந்தாலும் மதிப்பெண்ணில் முன்னால் இருப்பவருக்கு அந்த இடம். முதல் 62 பேரில் 20 பேர் பிசி என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் பொது இடத்தில் போய்விடுவார்கள். பிசி-யின் 53 இடங்கள் கம்யூனல் ரேங்க் 21-ல் தொடங்கி 73 வரை போகும். ஆக, '53 இடம்தானே, எனக்கு 70-வது ரேங்க், கிடைக்காது' என்று முடிவு செய்வது தப்பு.

இது எளிமையான கணக்கு. பெண்களுக்கான 30 சதவீதம், தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதம் எல்லாம் ஒவ்வொரு பிரிவுக்கு உள்ளேயும் பார்க்கப்படும். அதனால ஒரே கம்யூனல் ரேங்க் அருகே இருக்கும் இருவரில் பின்னால் இருப்பவருக்கு வேலை கிடைப்பதும் நடக்கும். டைப்பிஸ்ட் பணிக்கு தட்டச்சுத் தகுதி தேவை என்பதால் அங்கே போட்டியே வேற.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு இடங்களைவிட அதிகம் பேரைக் கூப்பிடுவார்கள். அழைப்பு வந்தாலே வேலை என்று அர்த்தமில்லை. திருமணமான பெண்களின் சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்கணும். கணவர் பெயரில் இருந்தால் ஏற்க மாட்டார்கள். தமிழ் வழிச் சலுகைக்கு 1-ம் வகுப்பு முதல் 10-ம் வகுப்பு வரை தமிழில் படித்த சான்று வேணும்.

அடுத்தது கவுன்சலிங். ரேங்க் வரிசைப்படி உள்ளே கூப்பிட்டு, மீதமுள்ள துறைகளில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்வார்கள். அழைப்பு தபாலில் வராது. எஸ்எம்எஸ், இமெயில், இணையதளம் மட்டும்தான். அன்னைக்கு போகலைன்னா அந்த வாய்ப்பு அடுத்தவருக்கு.