டோல்கேட்டில் டியூஷன்: பெற்றோர் எதற்காகப் பணம் கட்டுகிறார்கள்?

பிளஸ் 1 சேர்க்கை முடிந்த கையோடு பெற்றோர் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, பாடத்தைப் பற்றியதாகப் பெரும்பாலும் இருப்பதில்லை. "சார், பையனை எங்கே டியூஷன் சேர்க்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். அப்போது பாடநூல் கைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். வடசென்னையில் டோல்கேட் தொடங்கி காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை மேல்நிலை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு இக்கேள்வி பழகிப்போனது. போகிற போக்கில் ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பதிலை நம்பி ஒரு குடும்பம் ஓராண்டுச் செலவைத் திட்டமிடுகிறது.

செலவு எவ்வளவு?

ஒன்றிய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கல்வி குறித்து ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தியது. நாடு முழுவதும் ஏறத்தாழ 27 சதவீத மாணவர்கள் அந்தக் கல்வியாண்டில் தனிப்பயிற்சிக்குச் சென்றதாக அது சொல்கிறது. நகர்ப்புறத்தில் 30.7 சதவீதம், ஊரகத்தில் 25.5 சதவீதம். மேல்நிலை வகுப்பில்தான் செலவு தாவுகிறது. நகர்ப்புறத்தில் எல்லா வகுப்புகளையும் சேர்த்தால் மாணவர் ஒருவருக்கான சராசரிச் செலவு 3,988 ரூபாய். மேல்நிலையை மட்டும் எடுத்தால் 9,950 ரூபாய். ஊரகப் பகுதி மேல்நிலை மாணவருக்கு இது 4,548 ரூபாய்.

இவை நாடு தழுவிய சராசரிகள். தெருமுனை மாடியில் நடக்கும் வகுப்பும், லட்சத்தில் கட்டணம் வாங்கும் நிறுவனமும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. ஒரு வீட்டின் கணக்கை இப்படிப் போட்டுப் பார்க்கலாம். பாடம் ஒன்றுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பாடம், பத்து மாதம் என்றால் 30,000 ரூபாய். அச்சடித்த குறிப்புகள், வாரத் தேர்வுக் கட்டணம், ஷேர் ஆட்டோ, மாலையில் ஒரு டீயும் பன்னும் தனி. ஜிஎஸ்டி பதிவு பெற்ற பயிற்சி நிறுவனம் என்றால் கட்டணத்தோடு 18 சதவீத வரியும் சேரும்.

இந்தப் பணம் எந்த மாதத்தில் கேட்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் வகுப்புகளில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் வேலை செய்வோருக்கு அந்த நாள்களில் கடல் வருமானம் கிடையாது. அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். டியூஷன் முன்பணமும் சரியாக மே, ஜூனில்தான் கேட்கப்படுகிறது. மணலி, எண்ணூர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் ஒப்பந்தக் கூலிக்குப் போகும் வீடுகளிலும் மொத்தமாகக் கட்ட வழியில்லை. நகைக்கடனும் கந்துவட்டியும் உள்ளே நுழையும் இடம் இதுதான்.

பணம் எதற்காக?

"டியூஷன்" என்ற ஒரே சொல்லால் பல பொருள்களை வாங்குகிறார்கள். எதை வாங்குகிறார்கள் என்று பிரித்துப் பார்க்காமல் நாம் சொல்லும் ஆலோசனை பயன்படாது.

முதல் காரணம் கட்ஆஃப். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குத் தரவரிசை கணக்கிடப்படுகிறது. அதனால் டியூஷனும் இந்த மூன்று பாடங்களைச் சுற்றியே மொய்க்கிறது. தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ யாரும் அவ்வளவு பணம் கட்டுவதில்லை. இலங்கையிலும் இதே நிலைதான். அங்கே உயர்தரத் தேர்வின் மூன்று பாடங்களும் இசட் மதிப்பெண்ணும் பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் டியூட்டரிகள் பெருகியது அந்தப் பாடங்களுக்காகத்தான். இடம் குறைவு, போட்டி அதிகம், சில மதிப்பெண்களே முடிவு செய்யும் என்றால் பள்ளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் டியூஷன் இருக்கும். தென்கொரியா 1980இல் தனிப்பயிற்சிக்குத் தடையே விதித்துப் பார்த்தது. அது ஒழியவில்லை, 2000இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தடையை நீக்கியது.

மருத்துவப் படிப்பு தனிக் கதை. தமிழ்நாட்டில் 2017 முதல் நீட் வழியாகச் சேர்க்கை நடக்கிறது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, மருத்துவ இடம் பெற்றோரில் மறுமுறை தேர்வு எழுதியவர்களின் பங்கு 2016-17இல் 12 சதவீத அளவில் இருந்தது. 2020-21இல் 71 சதவீதத்தைத் தாண்டியது. பிளஸ் 2 முடித்த பிறகும் ஓராண்டோ ஈராண்டோ பயிற்சிக் கட்டணம் கட்ட முடிந்த வீடுதான் அந்த வரிசையில் நிற்க முடிகிறது.

அடுத்த காரணத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அது பாடநூலின் அடுக்கிலேயே இருக்கிறது. பிளஸ் 1 இயற்பியலின் இரண்டாம் அலகு இயக்கவியல். வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் மூன்றும் அங்கேயே தேவைப்படுகின்றன. கணிதப் பாடத்தில் வெக்டர் இயற்கணிதமும் நுண்கணிதமும் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. இயற்பியல் ஆசிரியர் கல்வியாண்டின் தொடக்கத்தில் கேட்பதைக் கணித ஆசிரியர் பல மாதம் கழித்துத்தான் கற்பிக்கிறார். வேதியியலில் முதல் அலகே வேதிக் கணக்கீடுகள். மோல் கணக்குக்கு விகிதமும் அடுக்குக்குறியும் கைவர வேண்டும். பத்தாம் வகுப்பில் அவற்றை ஒருவாறு கடந்து வந்த பிள்ளைக்கு இரண்டாவது வாரத்திலேயே "எனக்கு கெமிஸ்ட்ரி வராது" என்று தோன்றிவிடுகிறது. பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து ஆங்கிலவழிக்கு மாறியவருக்கு இதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது.

அந்தப் பிள்ளை டியூஷனில் சேர்ந்தால் என்ன நடக்கிறது? பல இடங்களில் அதே அலகு மறுபடி வேகமாக நடத்தப்படுகிறது. குறிப்பு தரப்படுகிறது, தேர்வு வைக்கப்படுகிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் விழுந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. பிளஸ் 2 ஒளியியலில் குவியத்தூரக் கணக்கைத் தவறவிடும் மாணவரின் விடைத்தாளைக் கூர்ந்து பாருங்கள். சமன்பாட்டைச் சரியாக எழுதியிருப்பார். பின்னங்களைக் கூட்டித் தலைகீழாக்கும் இடத்தில் தடுக்கியிருப்பார். அவருக்கு வேண்டியது இரண்டு வாரப் பின்னக் கணக்குப் பயிற்சி. அதற்காக அவர் வீட்டில் கட்டுவதோ ஓராண்டு இயற்பியல் கட்டணம்.

இதைப் பள்ளிக்குள்ளேயே சரிசெய்ய முடியும். ஜூன் கடைசியில் கணித ஆசிரியர் நான்கைந்து பாடவேளைகளை வெக்டருக்கும் எளிய வகையிடலுக்கும் ஒதுக்கினால் இயற்பியல் வகுப்பின் பயம் பாதி குறையும். இரண்டு முதுகலை ஆசிரியர்கள் ஓய்வறையில் பத்து நிமிடம் பேசிக்கொண்டால் போதும். 2018 மார்ச் முதல் நடந்துவந்த பிளஸ் 1 பொதுத்தேர்வு, 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கைவிடப்பட்டிருக்கிறது. பிளஸ் 1 பாடங்களைப் பாதியில் விட்டுப் பிளஸ் 2வுக்குத் தாவும் பழைய வழக்கம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வதும் இப்போது நம் கையில்தான் இருக்கிறது.

மூன்றாவது காரணத்துக்குப் பாடத்தோடு தொடர்பே இல்லை. அப்பா ஷிப்டில், அம்மா மீன் விற்கவோ வீட்டு வேலைக்கோ போயிருப்பார். ஒற்றை அறை வீடு. தம்பி தங்கை, டிவி, வாசலில் கன்டெய்னர் லாரிச் சத்தம். மாலை ஆறு முதல் ஒன்பது வரை பிள்ளை பத்திரமான ஓர் இடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காகப் பணம் கட்டும் பெற்றோர் பலர். பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதைக் கூடுதலாகக் கேட்கலாம். இவர்களிடம் "டியூஷன் வேண்டாம்மா, வீட்டிலேயே படிக்கட்டும்" என்று சொன்னால், பிரச்சினையே நமக்குப் புரியவில்லை என்றுதான் பொருள். அவர்களுக்கு வேண்டியது விளக்கும் மின்விசிறியும் மேற்பார்வையும் உள்ள ஓர் அறை. மாலைச் சிறப்பு வகுப்பு நடக்கும் பள்ளிகளில் அந்த நேரத்தின் ஒரு பகுதியை மீண்டும் பாடம் நடத்தச் செலவிடாமல், பிள்ளைகள் தாமாகப் படிக்க விட்டுவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்க வேண்டிய கோரிக்கை இது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காகச் சேர்ப்பதும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

நாம் சொல்ல வேண்டியவை

முதலில் நம்மைப் பற்றியது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 28ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. அரசு ஊழியர் முன் அனுமதியின்றித் தனியார் தொழிலில் ஈடுபடுவதை நடத்தை விதிகளும் அனுமதிப்பதில்லை. விதியை விடுங்கள், தம் வகுப்பு மாணவரிடமே மாலையில் கட்டணம் வாங்கினால், காலை வகுப்பில் சொல்லாமல் விட்டது எது என்று பெற்றோர் யோசிக்கத்தானே செய்வார்கள்? ஏதேனும் ஒரு பயிற்சி நிலையத்தின் பெயரைச் சொல்லி அனுப்புவதும் அதே சந்தேகத்தைக் கிளப்பும்.

ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 16 வயதுக்குக் கீழ் உள்ளோரைச் சேர்க்கக் கூடாது, பள்ளி நேரத்தில் வகுப்பு வைக்கக் கூடாது, ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, மாணவர் இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பவை அதில் உள்ளன. மாநிலங்கள் ஏற்றுச் செயல்படுத்தினால்தான் இவை கட்டாயமாகும். ஐம்பது பேருக்குள் நடக்கும் மாடி வகுப்புகள் இவற்றின் வரம்புக்குள் வரவே வராது. ஆனாலும் முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகளாக இவற்றைப் பெற்றோரிடம் சொல்லி வைக்கலாம். முக்கியமாக ஒன்று: பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா, எழுதித் தருவீர்களா?

பயிற்சி நிலையத் தட்டியில் இருக்கும் கட்ஆஃப் எல்லாருக்கும் உரியதல்ல என்பதையும் விளக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கடலோடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு மீன்வளப் படிப்பு என்று ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரிவதில்லை. முந்தைய ஆண்டு இந்த ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் பெற்றவரின் கட்ஆஃபைத் தாளில் எழ்திக் காட்டுங்கள். 195க்காக 30,000 ரூபாய் கட்ட நினைத்த பெற்றோர், தம் பிள்ளைக்கு உண்மையில் எத்தனை மதிப்பெண் தேவை என்று கேட்கத் தொடங்குவார்.

ஜூன் முதல் வாரத்தில் வந்து கேட்பவரிடம், முதல் இடைப்பருவத் தேர்வு வரை பொறுத்திருக்கச் சொல்லலாம். விடைத்தாளை மேசையில் வைத்து, மதிப்பெண் எந்தப் பாடத்தில், எந்த வகைக் கேள்வியில் போனது என்று பெற்றோரோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து பார்க்கலாம். அப்போதும் டியூஷன் வேண்டும் என்று தெரிந்தால், மூன்று பாடத்துக்குப் பதில் ஒரு பாடமாகவும், ஆண்டு முழுவதற்கும் பதில் மூன்று மாதமாகவும் அது சுருங்கலாம். பணத்தையும் மாதாமாதம் கட்டலாம். அதற்குள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகளும் கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கும்.