ஒயிட்ஃபீல்டின் பூர்வ கதை

நம் சங்கத்து அன்பர்களில் பலர் பெங்களூருக்குக் கிழக்கே ஒயிட்ஃபீல்டில் குடியிருக்கிறார்கள். மற்றவர்களும் ஜோலார்ப்பேட்டை மார்க்கமாக ஊருக்குப் போய் வருகையில் அந்த நிலையத்தைக் கடந்தே செல்கிறார்கள். ஆயினும் அப்பெயர் எங்ஙனம் வந்தது என்று கேட்டால், "வெள்ளைக்காரன் வைத்த பெயர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ரயில்வே குமாஸ்தாவாகிய நானும் சரக்கு ரசீதுகளில் அப்பெயரைப் பல்லாயிரம் முறை எழுதியவன். எழுதியதல்லாது விசாரித்தவன் அல்லன்.

அது ஒரு மனிதரின் பெயர். சென்னையில் ஆங்கிலோ-இந்தியர்களுக்கென்று சங்கம் கண்ட டி. எஸ். ஒயிட் என்பவரே அவர். அக்காலத்தில் அச்சமூகத்தாருக்கு ரயில்வே, தந்தி, சர்க்கார் குமாஸ்தா வேலை ஆகியவையே பெரும்பாலும் கதி. உத்தியோகம் கிடைக்காவிடில் பிழைப்பேது என்ற கவலை எழுந்தது. சொந்த நிலத்தில் உழுதுண்டு வாழும் குடியிருப்பு ஒன்று வேண்டுமென்று கருதினர். மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் 1882-இல் மைசூர்-குடகு ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். பெங்களூர்-ஜோலார்ப்பேட்டை இருப்புப்பாதை 1864-இலேயே வந்துவிட்டபடியால் போக்குவரத்துக்குக் குறைவில்லை.

ஊரை வட்டமாக வகுத்தார்கள். நடுவே திடல், அதைச் சுற்றித் தோட்டத்தோடு கூடிய ஓட்டு வீடுகள். இன்னர் சர்க்கிள், அவுட்டர் சர்க்கிள் என்ற பெயர்கள் அதனால் வந்தவை. 1886-இல் எழுந்த மெமோரியல் சர்ச் இன்றும் நிற்கிறது. வேவர்லி என்றொரு விடுதியும் இருந்தது. பெங்களூர்ப் பட்டாளத்தில் இளம் அதிகாரியாக இருந்த சர்ச்சில் அங்கே வந்து தங்கி, விடுதிக்காரர் மகளிடம் மனத்தைப் பறிகொடுத்தார் என்பார்கள். கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம்.

உழவுதான் எண்ணியபடி வாய்க்கவில்லை. ஆறில்லாத மேட்டு நிலம். ஏரியும் கிணறுமே துணை. எந்த உத்தியோகத்தை நம்பாமல் வாழ வந்தார்களோ, அதே உத்தியோகத்தைத் தேடிப் பிள்ளைகள் ரயில்வேக்கும் கோலார் தங்கவயலுக்கும் போனார்கள். 1947-க்குப் பின் பலர் கடல் கடந்தனர். 1990-களின் பிற்பகுதியில் கணினிக் கம்பெனிகள் வரும்வரை அது அமைதியான சிற்றூராகவே இருந்தது. பிறகு பழைய வீடுகள் பல இடிபட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. அவற்றில்தான் நாம் வாடகை கொடுத்து வாழ்கிறோம்.

நீரைப் பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லவேண்டும். ரயில் நிலையத்தை அடுத்த காடுகோடியில் காசி விசுவேசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே 1043-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. இராசேந்திர சோழன் காலத்தது. பட்டந்தூர் ஏரியை வெட்டி, மதகு அமைத்து, கணபதி, துர்க்கை, க்ஷேத்திரபாலர் ஆகிய தெய்வங்களை எழுந்தருளச் செய்த செய்தி அதில் உள்ளது. செய்வித்த தலைவன் பெயர் ராஜராஜ வேளான். தந்தை பெயரோ பெர்மாடி கவுண்டன். ஒரே கல்லில் இவ்விரு பெயர்களும் இருப்பதைக் கண்டபின், "பார்த்தீர்களா, இது நம்முடைய ஊர்!" என்று மார்தட்டும் அன்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏரி வெட்டியவன் வந்தவன் யார், இருந்தவன் யார் என்று பிரித்துத் தண்ணீர் விடவில்லை. அந்த ஏரியே பிற்காலத்தில் ஆக்கிரமிப்பு வழக்குகளில் அகப்பட்டது.

2023 மார்ச்சில் திறந்த மெட்ரோ நிலையத்துக்கு ஒயிட்ஃபீல்ட் என்றும் காடுகோடி என்றும் இரு பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளை அழைத்துக்கொண்டு அங்கே இறங்கிக் கோயிலுக்குப் போனேன். பள்ளியில் கன்னடம் படிக்கும் பெண்; தமிழ் வீட்டில் கற்றது. கல்லின் முன் குந்தி வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தவள், "அப்பா, இது 'ர'வா, 'க'வா?" என்று கேட்டாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அர்ச்சகர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, அவள்தான் எனக்கு மொழிபெயர்த்தாள்.