கேரியரைப் பிடித்தவர்கள்

புதுச்சேரி மூலக்குளத்தில் ஒரு ஞாயிறு முழுக்க இலவச வகுப்பு நடத்தலாம் என்று எங்கள் தெருவில் பேச்சு எழுந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காது என்பதுதான் பயம். யார் சொல்லித்தருவார்கள், யார் கற்பார்கள் என்று எழுத ஒரு நோட்டைச் சுற்றில் விட்டதும் நிலைமை தலைகீழ். ஆரி வேலை, புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது, ஃப்யூஸ் போடுவது என்று பதினோரு பேர் எழுதிவிட்டார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், “பிரெஞ்சு ஃபாரம் நிரப்பச் சொல்லித் தர்றேன்” என்றார். உயிரோடு இருக்கிறோம் என்று பிரான்சுக்குச் சான்று அனுப்பும் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) வீடுகளுக்கு இதைவிட உபயோகமான பாடம் எது? ஆனால், ‘கற்க விரும்புவோர்’ பக்கம் மட்டும் வெள்ளையாகவே கிடந்தது.

“எனக்கு இது கத்துக்குற வயசா தம்பி?” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்த எதிர்வீட்டு அக்கா, மறுநாள் தெருமுனையில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஸ்கூட்டி ஓட்டச் சொல்லித் தருவீங்களா?”

நோட்டில் அது இல்லை. எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதியிருந்தோமே தவிர, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1991-ல் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளும் பாடமானது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் யோசனை அது. ஊர் ஊராகப் போக வேண்டிய பெண் தொண்டர்கள் பஸ்ஸையும் வீட்டு ஆண்களையும் நம்பியிருந்தால் வேலை நடக்குமா? பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்க வங்கிகளையும் அவர் சம்மதிக்க வைத்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். அதுவே தேவலை என்றவர்களும் உண்டு. பாரில் குழந்தைக்கு ஒரு சின்ன சீட் மாட்டிக்கொள்ளலாமே! 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை வீதிகளை நிறைத்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய் எழுதியபோது, கற்றுக்கொண்டவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

கேலி இல்லாமலா? இருந்தது. ஆனாலும் கீழக்குறிச்சி கிராமத்தில் நடந்த பயிற்சிக்குப் பெண்கள் இருப்பதில் நல்ல உடையாக உடுத்தி வந்திருந்தார்களாம். எனக்குப் பிடித்த காட்சி அதுதான். விழுந்து முட்டி சிராய்க்கப்போகிற இடத்துக்குத் திருவிழாவுக்குப் போவதுபோல் கிளம்பியிருக்கிறார்கள்.

சைக்கிள் பழக்குகிறவரின் வேலையே விசித்திரமானது. கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். “விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க” என்று முன்னால் கத்தல். “பிடிச்சிருக்கேன்” என்று பொய் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நேற்றுக் கற்றவள் இன்று இன்னொருத்தியின் கேரியரைப் பிடித்ததால்தான் அத்தனை பெருக்கம். ஆசிரியர் சம்பளத்தில் இது நடந்திருக்காது.

ஸ்கூட்டிக்குக் கேரியரைப் பிடித்து ஓட முடியாது என்பது வேறு விஷயம். எல்எல்ஆர் இல்லாமல் ரோட்டில் விட முடியாது, வில்லியனூர் ரோட்டு பஸ்களை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. சுற்றுச்சுவர் உள்ள மைதானம் தேடுகிறோம்.

நோட்டை மறுபடி அக்காவிடம் நீட்டினேன். இந்த முறை பெயர் எழுதினார். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: ‘ஞாயிறு காலை வேணாம், கறி எடுத்துச் சமைக்கணும்.’ காலை ஒன்பது என்று அச்சடித்திருந்த நோட்டீஸில் மாலை நாலு என்று கையால் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

(தொடரும்)