பதிவுக்குப் பணம் இல்லை

வேலை உறுதியாகிவிட்டது, பதிவுக் கட்டணம் மட்டுமே பாக்கி என்று கூறி, முன்பின் அறியாத ஒருவரின் கணக்குக்குப் பணம் அனுப்ப வரும் வாடிக்கையாளர்களை நம் கிளைகளில் அவ்வப்போது காண்கிறோம்.

அரசின் வேலைவாய்ப்புச் சேவை அவ்வாறு இயங்குவதில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில், படையிலிருந்து விடுவிக்கப்பட்டோருக்கு வேலை தேடித் தர 1945இல் ஏற்பட்ட அமைப்பே இன்றைய வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கு அடித்தளம். அரசுத் துறை நிறுவனங்களும், 25 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை இவற்றுக்குத் தெரிவிக்க வேண்டும் என 1959ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆயினும், அலுவலகம் பரிந்துரைத்தவரையே நியமிக்க வேண்டுமென அது கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே, பதிவு என்பது வாய்ப்பே; வாக்குறுதி அன்று.

மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2015இல் தொடங்கிய ‘நேஷனல் கேரியர் சர்வீஸ்’ இணையதளத்திலும் வேலை தேடுவோர் இலவசமாகவே பதியலாம். அரசுப் பணித் தேர்வுகளுக்குக் கட்டணம் உண்டெனினும், அது அறிவிக்கையில் குறிப்பிட்ட வழியில் செலுத்தப்படுவது. தனிநபர் கணக்குக்குச் செல்வதன்று.

ஐயம் எழுந்தால், பணம் அனுப்புமுன் கிளையில் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் தெரிவித்தால், அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி.