தில்லிக் கோடையும் நனைந்த மணலும்

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ வளர்ந்து, உத்தியோக நிமித்தம் தில்லிக்கு வந்து சேர்ந்த நம்மவர்க்கு முதற்கோடையிலேயே ஒரு வியப்புக் காத்திருக்கும். ஊரில் கோடை என்றால் வியர்வை. இங்கோ சித்திரை வைகாசியில் 'லூ' என்னும் அனற்காற்று வீசும்போது வியர்வை தோன்றிய சுவடு தெரியாமல் உலர்ந்துவிடுகிறது. துவைத்துப் போட்ட வேட்டி சற்று நேரத்தில் அப்பளம் போல் விறைத்து நிற்கிறது. இவ்வறட்சியை நாம் குறையாகவே எண்ணுகிறோம். ஆனால் குறைந்த செலவில் குளிர்ச்சி பெறுவதற்கு மூலதனமே இதுதான்.

நீர் ஆவியாவதற்கு வெப்பம் தேவை. அடுப்பு இல்லாதபோது, சுற்றியுள்ள காற்றிலிருந்தும் பொருள்களிலிருந்தும் அவ்வெப்பத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். ஒரு லிட்டர் நீர் இவ்வாறு ஆவியாகுமானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் அதனுடன் போய்விடுகிறது. அதே ஒரு லிட்டரை 0 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டிய வெப்பத்தைப் போல் இது ஐந்து மடங்குக்கும் மேல். மண்பானைத் தண்ணீர் குளிர்வதன் இரகசியம் இதுவே.

காற்று முன்னரே ஈரம் நிறைந்திருந்தால் இவ்வித்தை பலிக்காது. தில்லியில் வெப்பம் 42 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காடு என்று கொள்வோம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அப்போது ஏறத்தாழ 24 டிகிரி காட்டும். சென்னையில் 37 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரமும் இருக்கும் ஒரு நாளில் அது 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. அங்கே கிடைப்பது ஏழு டிகிரி, இங்கே பதினெட்டு. ஊரில் உதவாத உபாயம் இங்கே உதவுவதற்குக் காரணம் இதுதான்.

வடநாட்டார் இதனை நெடுங்காலமாக அறிந்தவர்கள். வெட்டிவேர்த் தட்டிகளை நீரால் நனைத்து அறையைக் குளிர்விக்கும் வழக்கத்தை அபுல் பசலின் அயினி அக்பரியிலேயே காணலாம். நம் காலத்தில் அதே தத்துவத்தைக் காய்கறிக்குப் பயன்படுத்தியவர்கள் தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார். (பீகாரிலிருந்த பூசா என்னும் ஊரில் தோன்றிய நிலையம் அது, 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் பெயரையும் சுமந்துகொண்டு தில்லிக்கு வந்தது. நம்மைப் போன்ற குடிபெயர்ந்தவர்தான்!) 1980களில் அங்கே ராய், குர்தியா என்னும் விஞ்ஞானிகள் மின்சாரம் வேண்டாத குளிர் அறை ஒன்றை வகுத்தனர். செங்கல்லால் இரட்டைச் சுவர், இடையே ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஆற்றுமணல், மேலே மூங்கிலும் வைக்கோலும் கொண்ட மூடி. காலை மாலை இருவேளையும் மணலை நனைத்தால் போதும். இரண்டடிக்குச் சற்றே அதிக உயரமுள்ள இவ்வறையில் ஏறத்தாழ 100 கிலோ காய்கனி வைக்கலாம். கடுங்கோடையில் உள்ளே வெப்பம் வெளியைவிட 10 முதல் 15 டிகிரி வரை குறைந்தும், ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டியும் நிற்கும்.

அடுக்குமாடியில் வசிப்போர் செங்கற்சுவர் எழுப்ப இயலாது. அவர்களுக்கு இரண்டு பானைகள் போதும். மெருகு பூசாத பெரிய பானையின் அடியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, அதன்மேல் சிறிய பானையை இருத்தி, இடைவெளியை மணலால் நிரப்பி நனைத்து, ஈரச் சாக்கினால் மூடி, நிழலும் காற்றும் உள்ள பால்கனியில் ஒரு முக்காலிமேல் வைக்க வேண்டும். நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்னும் ஆசிரியர் இவ்வகைப் பானைகளை 1990களில் ஏழை உழவர்களிடையே பரப்பினார். அதற்காக 2000ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். கறிவேப்பிலை, கொத்துமல்லி, கீரை, முருங்கைக்காய் ஆகியவற்றுக்கு இப்பானை உற்ற இடம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகாது, ஈரத்தில் முளைவிடும். பாலையும் சமைத்த உணவையும் இதை நம்பி விட்டுவைக்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டிக்கு இது மாற்றன்று. பெட்டியின் சுமையைக் குறைக்கும் துணை.

மின்சாரக் 'கூலர்' இதே தத்துவம்தான். குளிர்சாதன இயந்திரம் 1,500 வாட் அளவில் மின்சாரம் கொள்ளும் வேளையில், கூலர் பெரும்பாலும் 200 வாட்டுடன் அமைகிறது. மேலும், இயந்திரம் நம் அறையின் வெப்பத்தைத் தெருவில் தள்ளுகிறது. தெருவில் வண்டி தள்ளுபவரும் காவல் காப்பவரும் அதனைத் தாங்குகிறார்கள். 2024ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று தில்லியின் மின்தேவை 8,656 மெகாவாட் என்னும் உச்சத்தைத் தொட்டதில் இவ்வியந்திரங்களின் பங்கு பெரிது. ஆயினும் மூப்படைந்தோரும் நோயுற்றோரும் இருக்கும் இல்லங்களில் இயந்திரத்தை அணைத்துவிடுங்கள் என்று நாம் சொல்லமாட்டோம்.

கூலர் வைத்திருப்போரில் பலர் கதவு சன்னல்களை இறுக அடைத்துவிடுகிறார்கள். ஈரக் காற்று வெளியேற வழியின்றி அறை சென்னையாகவே மாறிவிடும்! எதிர்ப்புறத்துச் சன்னல் ஒன்று திறந்திருத்தல் அவசியம்.

தண்ணீருக்கே தவிக்கும் நகரில் நீரைச் செலவிடலாமா என்று கேட்பது நியாயமே. கூலர் ஒரு நாளில் பல குடம் நீர் குடிக்கும். பானைக்கோ சில செம்பு நீர் போதும். காய்கறி கழுவிய நீரே மணலுக்கு ஆகும்; அரிசி களைந்த நீர் நாறும். ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கும் நீரைக் கூலருக்கு ஊற்றலாம். உப்புப் படியுமாதலால் தட்டிகளை அடிக்கடி அலச வேண்டும். தொட்டியை வாரம் ஒருமுறை வடித்துத் தேய்த்து உலரவிடாவிட்டால் டெங்குக் கொசு அதிலேயே குடியேறும்.

ஜூன் மாதக் கடைசியில் பருவமழை தொடங்கியதும் இவற்றின் பயன் குன்றிவிடும். அப்போது மணலைக் கொட்டி வெயிலில் காயவைத்து, பானைகளைக் கழுவிக் கவிழ்த்து, வெட்டிவேரை உலர்த்திக் கட்டி வைத்தால், அடுத்த சித்திரைக்கு எடுத்துக்கொள்ளலாம்.