பெரியப்பா வீட்டுக்கு 180 கிலோமீட்டர்

பள்ளி விடுமுறை தொடங்கும் நாளில் நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் மகிழுந்துகள் வரிசை பிடித்து நிற்பதைக் காண்கிறோம். கம்பத்துக்குத் திரும்புகிறார்கள் என்று சொல்கிறோம். கம்பம் என்றதும் பாட்டனார் கட்டிய வீடும் அதன் முன்னால் நிற்கும் ரம்புத்தான் மரமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர் பலருக்குத் திரும்பிச் செல்ல அப்படியொரு வீடு கிடையாது. வார இறுதியில் அவர்கள் புறப்படுவது அண்ணன் வீட்டுக்கு அல்லது தங்கை வீட்டுக்கு; அதுவும் பெரும்பாலும் வேறொரு மாநிலத்துக்கு. ஒரே லயத்தில் வளர்ந்த உடன்பிறப்புகள் இப்படி மாநிலம் விட்டு மாநிலம் வாழ நேர்ந்தது எப்படி?

விடையைத் தேடக் கோலகங்சாரிலிருந்து தொடங்கலாம். 1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் சிலவற்றை, அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஹியூ லோ இங்கே நட்டார். அவற்றுள் ஒன்று இன்றும் நகரில் வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அடுத்த சில பத்தாண்டுகளில் பேராக்கின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. பால்மரம் சீவத் தென்னிந்தியாவிலிருந்து ஆள்கள் வந்தனர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, ஆளுக்குப் பல நூறு மரங்களைச் சீவி, நண்பகலுக்குள் பாலைச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுவந்தனர். தோட்டத்துக்குள்ளேயே லயமும், கோயிலும், தமிழ்ப்பள்ளியும், கடையும் இருந்தன. மணமானபின் அண்ணன் குடிபோவது பெரும்பாலும் அடுத்த லயத்துக்குத்தான். அண்ணி குழம்பு தாளிக்கும் மணம் தம்பி வீட்டுக்கு வந்துவிடும் தொலைவு அது.

இங்கே ஒன்றை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்துக்கும் இதே விதிதான்.

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, வெளிநாட்டு நிறுவனங்கள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். இதனையே தோட்டத் துண்டாடல் என்கிறோம். துண்டான நிலத்தின் புது உரிமையாளருக்குப் பழைய தொழிலாளர் அத்தனை பேரும் தேவைப்படவில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக உயர்ந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கட்டும் என்ற எண்ணத்துடன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டி உறுப்பினராகலாம். தோட்டம் தோட்டமாகச் சென்று அவரே பேசி ஆள் சேர்த்தார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். ஒரு பேராக்காரரின் முயற்சி அண்டை மாநிலத் தொழிலாளரின் வேலையைக் காத்தது என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் எல்லாத் தோட்டங்களையும் வாங்கிவிட ஒரு சங்கத்தால் இயலுமா?

பின்னர்ச் செம்பனை வந்தது. பால்மரத் தோட்டத்தில் சீவும் வேலை அன்றாடம் உண்டு. செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். ஆகவே, அதே நிலத்துக்குக் குறைந்த ஆள்களே தேவைப்பட்டனர். நகரங்களை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. இளையோர் வேலை தேடிப் புறப்பட்டனர். பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற தொழிற்பேட்டை தொடங்கியபோது மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது. 1996இல் கெடாவின் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கும் ஜொகூரும் வேறு பலரை ஈர்த்தன. பெற்றோர் ஈப்போவின் புறநகரில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு மாறினர். லயம் இடிக்கப்பட்டது. பிள்ளைகள் நால்வர் என்றால் நான்கு ஊர்.

இவர்களை மீண்டும் ஒரு கூரையின்கீழ்ச் சேர்ப்பதில் சாலைக்குப் பெரும் பங்கு உண்டு. ஈப்போவில் வாழும் ஒருவர் சுங்கைப்பட்டாணியில் உள்ள அண்ணனைப் பார்க்கச் செல்வதாக வைத்துக்கொள்வோம். தொலைவு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். முன்பு இதற்குக் கூட்டரசுப் பழைய சாலை ஒன்றே வழி. செம்மோர், சுங்கை சிப்புட், கோலகங்சார் என ஒவ்வோர் ஊரின் கடைத்தெரு வழியாகவும் அது செல்லும். கோலகங்சாருக்கும் தைப்பிங்குக்கும் இடையில் புக்கிட் பெராப்பிட் மலையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கும். மரக்கட்டை ஏற்றிய ஒரு கனரக வாகனத்தின் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்த இடமிராது. அரை நாள் பயணம் செய்து, இரவு தங்கி, மீண்டும் அரை நாள் பயணம் செய்வதற்கு வார இறுதி போதவில்லை. எனவே, தீபாவளிக்கும் திருமணத்துக்கும் மட்டுமே சென்றுவந்தனர்.

புக்கிட் காயு ஹீத்தாமையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் 772 கிலோமீட்டர் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டு செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதன் ஈப்போ - சங்காட் ஜெரிங் பகுதி முன்னதாகவே, 1987இல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஜெலாப்பாங்கைக் கடந்ததும் சாலை கிளேடாங் மலைத்தொடரில் ஏறுகிறது. மெனோரா சுரங்கப்பாதை இங்குதான் இருக்கிறது. இந்நெடுஞ்சாலையின் ஒரே சுரங்கப்பாதை அது. நீளம் 800 மீட்டர். இரு பக்கமும் சரிவும் வளைவும் மிகுந்த இடம் என்பதால் வேகவரம்பு குறைக்கப்பட்டுள்ளது. மழை நேரத்தில் இன்னும் கவனம் தேவை. அடுத்துப் பேராக் ஆற்றின்மேல் பாலம். அருகில் ஓய்வு வளாகம். ஓட்டுநர் இங்கே சற்றுக் கால் நீட்டிக்கொள்வது நல்லது. தைப்பிங்கைத் தாண்டியபின் நிலம் தட்டையாகிறது. கிரியான் வட்டாரத்தின் வயல்கள் தொடங்குகின்றன. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா அணையின் நீரில் விளையும் வயல்கள் இவை. ரப்பர் வருவதற்கு முன்பே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழர் வந்து இறங்கிய வட்டாரமும் இதுவே.

இவ்வழியில் ஒரு வேடிக்கை உண்டு. கெடாவுக்குள் இருமுறை நுழைய வேண்டும். முதலில் கெடாவின் தென்முனையான பண்டார் பாருவைக் கடக்கிறோம். பிறகு பினாங்கின் செபெராங் பிறை. அதன்பின் மூடா ஆற்றைத் தாண்டினால் மறுபடியும் கெடா. பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல புவியியல் பாடம். நெரிசல் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தை ஒட்டிப் பெரியப்பா வீட்டு வாசலை அடைந்துவிடலாம்.

சாலை சரி, நாள் ஒத்துவர வேண்டுமே! பேராக்கில் வார விடுமுறை சனியும் ஞாயிறும். கெடாவில் வெள்ளியும் சனியும். அங்கே ஞாயிறன்று பள்ளியும் அரசு அலுவலகமும் இயங்கும். ஆகவே, ஈப்போத் தம்பியின் பிள்ளைகளும் சுங்கைப்பட்டாணி அண்ணனின் பிள்ளைகளும் ஒன்றாக விளையாட வாரத்தில் ஒரு நாள்தான் உண்டு. ஜொகூரில் உடன்பிறப்பு உள்ளவர்களுக்கும் இச்சிக்கல் 2014 முதல் பதினோராண்டுகள் இருந்தது. 2025 சனவரி முதல் நாளிலிருந்து அம்மாநிலம் மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பள்ளித் தவணை விடுமுறை அட்டவணையில் ‘ஏ’ பிரிவு, ‘பி’ பிரிவு என இரண்டு இருப்பதற்கும் இதுவே காரணம். தொழிற்சாலையில் முறைமாற்று வேலை செய்பவருக்கோ எந்த மாநில விடுமுறையும் பொருந்துவதில்லை. எனவேதான் பல குடும்பங்களில் ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, யார் எப்போது யார் வீட்டுக்கு என்று தொலைபேசியிலேயே பேசி முடித்துவிடுகின்றனர். எரிபொருளும் சாலைக் கட்டணமும் சேர்ந்தால் செலவு கொஞ்சமன்று. இந்நெடுஞ்சாலையின் கட்டணம் 2020 பிப்ரவரியில் 18 விழுக்காடு குறைக்கப்பட்டது. இது மாதந்தோறும் சென்றுவருபவர்களுக்கு ஓரளவு உதவியது.

கட்டணம் குறைந்த மறுமாதமே சாலை வெறிச்சோடியது. கோவிட்-19 பெருந்தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. இடையில் சில மாதங்கள் தளர்வு இருந்தாலும், மாநிலம் கடக்கத் தடை மீண்டும் வந்தது. இறப்பு போன்ற அவசரத்துக்கும் காவல்துறையின் அனுமதி தேவைப்பட்டது. பெற்றவரின் இறுதிச் சடங்கைத் திறன்பேசித் திரையில் பார்த்த பிள்ளைகளும் உண்டு. 2021 அக்டோபர் 11 முதல் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கள் அனுமதியின்றி மாநிலம் கடக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. உடன்பிறப்பின் வீட்டைத் தவிர வேறு ஊர் இல்லாதவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அண்ணன் வீட்டில் கூடியதும் பேச்சு எப்படியும் தோட்டத்துக்குத் திரும்பிவிடும். எந்தக் கங்காணியின் மகன் இப்போது எங்கே இருக்கிறான், திருவிழாக் கூத்தில் யார் என்ன வேடம் கட்டினார், பால்வாளியைக் கவிழ்த்துவிட்டு அடி வாங்கியது யார் என்று நள்ளிரவுவரை நீளும். லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கலாம். இரட்டை மாடி வீடுகள் நிற்கலாம். அப்படியிருந்தும் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்கிறார். பேச்சுவாக்கில் வரும் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், லயத்தின் வரிசை எண் ஆகியவற்றைப் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது பயன் தரும். தோட்டங்கள் பலவற்றுக்குத் தமிழர் வழங்கிய பெயர் ஒன்று. நிறுவனம் வைத்த பெயர் வேறொன்று. இரண்டையும் அறிந்தவர்கள் குறைந்துவருகின்றனர்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால், கோலகங்சாரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பழைய சாலையைப் பிடிக்கலாம். ஹியூ லோ காலத்து ரப்பர் மரத்தை முதலில் பார்த்துவிடலாம். சுங்கை சிப்புட்டில் துன் சம்பந்தன் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது. அங்கிருந்து செம்மோர் வழியாக ஈப்போவுக்கு வரும்போது, செம்பனைக்கு நடுவில் ஆங்காங்கே சிறு கோயில் கோபுரம் ஒன்று தனியாக எழுந்து நிற்பதைக் காணலாம். அதைச் சுற்றி ஒரு காலத்தில் லயங்கள் இருந்தன. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.